இரண்டாவது டப்பாவுக்கு எத்தனை நாள்

புந்தோங், ஈப்போ
16 ஜனவரி 2024

மருமகள் சாந்தினிக்கு மாமன் பத்துமலை எழுதுவது. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், கறுப்பு மட்டும் குறைந்திருக்காது.

போனில் என்னைப் பிளாக் பண்ணிவிட்டாய். சரி. போஸ் ஆபிஸ்காரனை உன்னால் பிளாக் பண்ண முடியாது. அதனால் நாலாம் வகுப்போடு நின்ற இந்தக் கையைத் தூக்கி எழுத வேண்டியதாகிவிட்டது. என் மகள் தினேஸ்வரியின் பரிசத்தில் நான் சொன்னது ஒரு தமாஷ். "சாந்தினிய நடுவுல நிக்க வெக்காதீங்கலா, கேமராவுக்கு லைட் பத்தாது" என்றேன். நாற்பது பேர் சிரித்தார்கள். உன் அம்மாவே சிரித்தாள், என்னோடு பிறந்த அக்காள் அல்லவா. நீ மட்டும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் காரில் ஏறி ஷா ஆலாமுக்கே போய்விட்டாய். தாய்மாமன் மருமகளைக் கேலி பண்ணாமல் போஸ்காரனையா பண்ணுவான்?

விஷயத்துக்கு வருகிறேன். சண்டைக்கு முன்னால் உன் கம்பெனியிலிருந்து நீ கொடுத்த மூன்று கிரீமையும், பெயர் இல்லாமல் நம்பர் மட்டும் ஒட்டிய அந்த டப்பாக்களை, நான் போகிற பாசார் மாலாம், இராச்சந்தை எல்லாவற்றிலும் வேனில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

நம்பர் ஒன்று படுத்துவிட்டது. பாகான் டத்தோ வெயிலில் தேங்காய் உரிக்கிற பெண்கள், "பூசினா ஈ ஒட்டுதுண்ணே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நம்பர் இரண்டு, கொரியாக்காரி மாதிரி கண்ணாடி மினுமினுப்பு. ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் காயவைக்கிற ஒருத்தி பூசிப் பார்த்துவிட்டு, "இந்தப் பளபளப்பு எனக்கு வேலை முடிஞ்சா தானா வரும்ணே, மீன் எண்ணெய்" என்றாள். மினுமினுப்பு இந்த வருசத்தோடு சரி. எழுதி வைத்துக்கொள்.

நம்பர் மூன்று, முகத்தை வெளுக்கிற கிரீம், அதுதான் ஓடுகிற குதிரை. என் கணக்கு உனக்குத் தெரியும். முதல் டப்பாவை விற்பது என் வாய். இரண்டாவது டப்பாவை விற்பதுதான் மருந்து. ஒரு டப்பா ஒரு மாதம் வரும். இருபத்தைந்து நாளில் திரும்பி வந்தால் நல்ல சரக்கு. இருபதுக்குள் வந்தால் தங்கம். பழைய ரப்பர்த் தோட்டத்துப் பக்கம் பிளாட்டில் இருக்கிற ராக்காயி, முன்னே பால்மரம் வெட்டியவள், இப்போது பேரங்காடியில் தரை துடைக்கிறவள், பதினெட்டாம் நாள் வந்து நிற்கிறாள். நான் மைக்கில், "அக்கா, உங்க மூஞ்சிக்கு டப்பா பத்தாது, பீப்பாத் தோம்புல வாங்குங்க" என்றேன். சந்தையே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே இரண்டாவதை வாங்கினாள்.

இன்னும் அனுப்பு. தினேஸ்வரிக்கு ஜூன் ஒன்பதாம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை சுகுமாரன் வீட்டார் பாரிட் புந்தாரிலிருந்து இரண்டு பஸ் நிறைய வருவார்களாம். அதற்குள் நான் ஓடிச் சம்பாதித்தாக வேண்டும்.

மாமன்


ஷா ஆலாம்
28 ஜனவரி 2024

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. குரல் இல்லாமல் படித்தால் நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக்கூடியவர்தான். அதனால் போன் அப்படியே இருக்கட்டும். இதையெல்லாம் ஆபிஸ் மின்னஞ்சலிலும் எழுத முடியாது. நம்பர் மூன்று அரசாங்கத்தில் இன்னும் பதிவாகாத கிரீம்.

கேலி பற்றி ஒரு முறை சொல்லிவிடுகிறேன், இனிமேல் சொல்ல மாட்டேன். எனக்குப் பதின்மூன்று வயதில் சடங்கு நடந்தபோது தாய்மாமன் சீர்த்தட்டில் நீங்கள் பட்டுப்பாவாடைக்கு மேல் என்ன வைத்துக்கொண்டு வந்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? ஒரு டின் வெள்ளைப் பெயிண்ட். "மொதல்ல ஒரு கோட்டு அடிங்க, அப்புறம் மஞ்சத்தண்ணி ஊத்தலாம்" என்றீர்கள். அன்றும் எல்லோரும் சிரித்தார்கள். வெளுப்பு எதனால் விற்கிறது என்று அதற்குப் பிறகு எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

வேலைக்கு வருகிறேன். அடுத்த வருசம் பெண்கள் எதைப் பூசுவார்கள் என்று கணித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். இணையத்தில் என்ன தேடுகிறார்கள், என்ன எழுதுகிறார்கள், எந்த மாதம் எது விற்றது என்று பார்த்து என் மெஷின் சொல்கிறது. அது நம்பர் இரண்டுதான் ஓடும் என்கிறது. மேனேஜரும் அதையே நம்புகிறார். ஆனால் மெஷினுக்கு ஹுத்தான் மெலிந்தாங் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பெண்ணும் இரண்டாவது டப்பாவுக்கு எத்தனை நாளில் வந்தாள், மூன்றாவதுக்கு எத்தனை நாள், எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். நம்பர் மூன்றில் அறுபது டப்பா பஸ்ஸில் போட்டிருக்கிறேன், வாராவாரம் இன்னும் வரும்.

இன்னொன்று. நம்பர் மூன்றை நம் வீட்டில் யாருக்கும் கொடுக்காதீர்கள். காரணம் கேட்க வேண்டாம்.

சாந்தினி


புந்தோங்
10 மார்ச் 2024

மருமகளுக்கு,

இருபத்தோரு வருசத்துப் பெயிண்ட் டின்னை இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறாயே, கை வலிக்கவில்லையா? அது நல்ல பெயிண்ட். மிச்சத்தை உன் அப்பா கதவுக்கு அடித்தார்.

நீ கேட்ட கணக்கு. ராக்காயி முதலில் பதினெட்டு நாள், அப்புறம் பதினைந்து, அப்புறம் பன்னிரண்டு, இப்போது ஒன்பது. நாசி லெமாக் சோறு விற்கிற நஸீரா இருபது, பதினாறு, பத்து. மற்ற நாற்பத்தொரு பெண்களின் நாளும் பின்தாளில் இருக்கிறது. எல்லாம் இறங்குமுகம்தான். மருந்து அவ்வளவு பிடித்துப்போய் அள்ளி அப்புகிறார்கள். முப்பது வருசமாகப் பவுடரும் மையும் விற்கிறேன், ஒன்பது நாளை நான் கண்டதில்லை. வேன் வந்து நிற்பதற்குள் கதவைத் தட்டுகிறார்கள். போன வாரம் நான் ஒரு மணி நேரம் பிந்திவிட்டேன். ராக்காயி மூக்குச் சிவக்க நின்று, "ஏண்ணே லேட்டு, எனக்கு மூஞ்சி எரியுதுலா" என்றாள். நான் மைக்கில், "என்னப் பாக்காத ஏக்கம்" என்றேன். அன்றைக்கு மட்டும் முப்பது டப்பா.

உன் கம்ப்யூட்டரிடம் சொல், நாலாம் வகுப்பு ஜெயித்துவிட்டது என்று.

வீட்டு விசயம். காரணம் கேட்காதே என்றாய், கேட்கவில்லை. கேட்காமலே புரிகிற வயசுதான் எனக்கு. பெட்டியை வேனிலேயே பூட்டி வைத்திருக்கிறேன், சாவி என் இடுப்பில். போன மாதம் தினேஸ்வரி வந்து கேட்டாள். "ஒரு டப்பா குடுங்கப்பா, கல்யாணத்துக்கு." அவள் அம்மா போனதிலிருந்து அவள் என்னிடம் எதையும் இரண்டு தடவை கேட்டதில்லை, இதைக் கேட்டாள். நான், "உனக்கு இதெல்லாம் பத்தாதும்மா, சுண்ணாம்புதான் அடிக்கணும்" என்று சிரித்து அனுப்பிவிட்டேன். பெற்ற பிள்ளையின் முகம், விளையாட முடியுமா? மற்றதெல்லாம் ஊரார் முகம். வாங்குகிறவர்கள் வாங்கட்டும்.

மாமன்


ஷா ஆலாம்
24 மார்ச் 2024

மாமாவுக்கு,

உங்கள் தாளை மூன்று தடவை படித்தேன். பதினெட்டு, பதினைந்து, பன்னிரண்டு, ஒன்பது.

அது பிடித்துப்போனதால் வருகிற கணக்கு இல்லை. நம்பர் மூன்றில் தோல் வியாதிக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறது. பூசினால் ஒரு வாரத்தில் முகம் வெளுக்கும், வழுவழுப்பாகும். நிறுத்தினால் எரியும், சிவக்கும், முன்பைவிடக் கறுக்கும். எரிச்சல் அடங்க மறுபடி அதையே பூச வேண்டும். போகப் போக இடைவெளி குறையும். அவர்கள் ஓடி வருவது அழகுக்காக இல்லை. நிறுத்த முடியாததால்.

கலந்திருக்கிறது என்று எனக்கு முதலிலேயே தெரியும். எவ்வளவு என்று தெரியாது. இவ்வளவு சீக்கிரம் என்றும் தெரியாது.

உங்கள் நாள்களை மெஷினில் போட்டேன். திரும்ப வாங்குவதைத்தான் அது திருப்தி என்று எடுத்துக்கொள்ளும், உங்களைப் போலவே. நம்பர் மூன்று மேலே போய் உட்கார்ந்தது. மீட்டிங்கில் கை தட்டினார்கள். என் அறிக்கையின் அடியில் "எரிச்சல் புகார்கள் உண்டு" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மேனேஜர் அதை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அடுத்த மாதமே உற்பத்தி.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், பிறகு கிழித்துப் போடத் தோன்றும். பின்தாளில் இருக்கிற பெயர்களில் ஒன்பது பேரை எனக்குத் தெரியும். பரிசத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள். அந்தப் பெயர்களைப் பார்த்தபோது எனக்குப் பாவமாக இல்லை.

இனி புதிதாக யாருக்கும் விற்காதீர்கள். பழையவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். சொல்லிவிட்டேன்.

சாந்தினி


புந்தோங்
2 மே 2024

சாந்தினி,

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. விற்றேன். கேட்டுவிட்டேன் என்று பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? வேனை நிறுத்தினால் கதவைத் தட்டுகிறவர்களிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விற்காதே என்று எழுதிய பிறகும் நீ அனுப்பினாய், மூன்று வாரமாகத்தான் உன்னிடமிருந்து பஸ்ஸில் சரக்கு வரவில்லை. அது ஏன் என்று அப்புறம் எழுது. இது வேறு.

தினேஸ்வரி பூசியிருக்கிறாள்.

பிப்ரவரியிலிருந்து. நான் மத்தியானம் தூங்கும்போது இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, ஒவ்வொரு டப்பாவாக எடுத்து வைத்திருக்கிறாள். அவள் முகம் தெளிந்து வந்ததை நானும் பார்த்தேன். கல்யாணக் களை என்று சந்தை சந்தையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன வாரம் அவளிடம் இருந்தது தீர்ந்துபோயிருக்கிறது. நாலு நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள், தலைவலி என்றாள். ஐந்தாம் நாள் நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சுடுதண்ணீர் கொட்டின மாதிரி இருந்தது, சாந்தினி. கண் வீங்கி மூடிக்கிடந்தது. விசிறியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏன்மா என்றேன்.

"ஊருக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுக்கறீங்க. எனக்கு மட்டும் இல்லன்னீங்க. நான் அதுக்குக்கூட லாயக்கில்ல போலன்னு நெனச்சேம்பா."

வேனில் சீட்டுக்கு அடியில் ஒரே ஒரு டப்பா உருண்டு கிடந்தது. அதை நானே எடுத்துக் கொடுத்தேன். என் கையால். இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. அடங்கியதைப் பார்த்து எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஜூன் ஒன்பது கல்யாணம். நீ அடுத்த வருசத்தையே கணிக்கிறவள். இந்த ஒரு முகத்தைக் கணித்துச் சொல். அதுவரைக்கும் தாங்குமா? உன்னிடம் டப்பா இருந்தால் அனுப்பு. எத்தனை இருந்தாலும்.

மாமா


ஷா ஆலாம்
9 மே 2024

மாமா,

பாகான் டத்தோவில் ஒரு பெண் டப்பாவோடு கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். நம்பர் மூன்று இப்போது சுகாதார அமைச்சின் தடைப் பட்டியலில் இருக்கிறது. கம்பெனி எல்லாவற்றையும் திரும்ப எடுத்து அழித்துவிட்டது. வெளியே பேச மாட்டேன் என்று என்னை ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். இனி நம்பர் இரண்டை இறக்குகிறார்கள். மெஷின் ஆரம்பத்திலேயே சரியாகத்தான் சொன்னது என்கிறார் மேனேஜர்.

நீங்கள் கேட்ட கணிப்பு. ஏறக்குறைய எண்பது நாள் பூசியிருக்கிறாள். உங்களிடம் இருக்கிற டப்பா, சிக்கனமாகத் தொட்டுப் பூசினால், மே பதினேழோடு தீரும். பதினெட்டாம் தேதி எரிச்சல் தொடங்கும். உச்சத்துக்கு வருவது ஜூன் முதல் வாரம். கல்யாணம் ஒன்பதாம் தேதி. அதற்குள் அடங்காது. அடங்க மாதங்கள் ஆகும்.

இன்னும் டப்பா கிடைத்தால் கல்யாணம் வரைக்கும் தாங்கும். போட்டோவில் நன்றாக இருப்பாள். அதற்குப் பிறகு வருவது இதைவிட மோசமாக இருக்கும், மாப்பிள்ளை வீட்டில் வைத்து வரும். பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் நிறுத்தத்தான் சொல்வார்.

இது கணிப்பு. என்ன செய்வது என்று நான் சொல்லவில்லை.

என்னிடம் ஒரு டப்பா இருந்தது. மேசைக்குள் வைத்திருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் அதைத் திறந்து கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். தினேஸ்வரியின் நல்லதுக்காகச் செய்தேனா, உங்கள் கை அதைக் கேட்டு நீண்டதால் செய்தேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் இருக்கும். அவள் என்னை ஒரு நாளும் கேலி செய்ததில்லை.

சாந்தினி


பழைய தோட்டத்துப் பிளாட் வாசலிலிருந்து
27 மே 2024

சாந்தினிக்கு,

பதினெட்டாம் தேதி என்றாய். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. காலையில் எழுந்து, "எரியுதுப்பா" என்றாள்.

ஆஸ்பத்திரி வேண்டாம், கல்யாணம் முடியட்டும் என்று நானேதான் சொன்னேன். வேனை எடுத்துக்கொண்டு டப்பா தேடப் போனேன். விற்கிறதற்கு இல்லை, வாங்குகிறதற்கு. பாகான் டத்தோவில் ஒருத்தி, "என்னண்ணே, உங்க மூஞ்சிக்கா?" என்று சிரித்துக் கதவைச் சாத்தினாள். நஸீரா, தன்னிடம் இருந்ததைச் சுரண்டிச் சுரண்டி டப்பாவையே வெட்டித் துடைத்துவிட்டதைக் காட்டினாள். அவள் கன்னம் தோலுரிந்து கிடந்தது. எனக்கு அவள் டப்பாவில்தான் கண் இருந்தது.

கடைசியில் ராக்காயி. ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். அரை டப்பா வைத்திருந்தாள், சிக்கனமாக, விரல் நுனியால் தொட்டுத் தொட்டு. எதற்கு என்று கேட்டாள். சொன்னேன்.

"குடுக்கறேன்" என்றாள். "வியாழக்கிழமை பாசார் மாலாமுக்கு வா. வேன நிறுத்து. மைக்கப் போடு. என் மூஞ்சியப் பத்தி மூணு மாசமா பேசினில்ல, அந்த மாதிரி ஒன் மகளப் பத்தி மூணு பேசு. நாங்க கேக்கணும்."

"அக்கா, அவ கல்யாணப் பொண்ணு" என்றேன்.

"எங்களுக்கெல்லாம் கல்யாணம் ஆயிருச்சு, அதனால பரவால்லங்கிறியா?"

வியாழக்கிழமை போனேன். வேனைச் சுற்றிப் பதினைந்து இருபது பெண்கள், பாதிப் பேர் துண்டும் குடையுமாக. ராக்காயி முன்னால் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். நான் மைக்கைப் போட்டேன். "என் மக தினேஸ்வரி பொறந்தப்ப, தொட்டில்ல பிள்ளையக் காணோம்னு நர்ஸு தேடினாங்க, அழுத பெறகுதான் இருக்குன்னு தெரிஞ்சது" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. "ரெண்டு" என்றாள் ராக்காயி. இரண்டாவதும் சட்டென்று வந்தது, வாய்க்குப் பழக்கம்தானே. "மூணு" என்றாள். மைக்கைக் கை மாற்றிப் பிடித்தேன். பிறகு வந்தது. அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

டப்பாவை என் கையில் வைத்தாள். துண்டை எடுத்து அவள் முகத்தைக் காட்டினாள். நான் பார்க்காமல் வேனில் ஏறிவிட்டேன்.

வீட்டுக்குப் போவதற்குள் வீடியோ மாப்பிள்ளை வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. சுகுமாரனின் தங்கச்சி தினேஸ்வரிக்கு அனுப்பியிருக்கிறாள். அவன் அம்மா ஜூன் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெண்ணை நேரில் பார்க்க வருகிறாளாம், அப்புறம்தான் மற்றது பேசலாமாம். தினேஸ்வரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், போன் மடியில். நான் டப்பாவை நீட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அடங்கிவிடும் என்றேன். மைக்கில் சொன்னதெல்லாம் இதுக்காகத்தான், மனசில் வைக்காதே என்றேன்.

"அதுல புதுசா ஒண்ணும் இல்லப்பா" என்றாள். "மூணும் வீட்டுல சொன்னதுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள். டப்பாவை வாங்கி மூடியை இறுக்கித் திருகி மறுபடி என் கையில் வைத்தாள். "அந்த அக்காகிட்ட திருப்பிக் குடுத்துருங்க. அவங்களுக்கும் எரியும்ல. அவங்க வரட்டும் ஞாயித்துக்கெழம. இந்த மூஞ்சியத்தான் பாப்பாங்க." வெள்ளிக்கிழமை காலையில் அவளே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நான் வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள்.

நாலு நாளாக டப்பா என் சட்டைப்பையில் இருக்கிறது. இன்றைக்குத்தான் வந்தேன். வந்து ஒரு மணி நேரம் ஆகிறது. இறங்க முடியாமல் ஸ்டியரிங்மேல் தாளை வைத்து உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வழக்கமாக நான் வேனை விட்டு இறங்கும்போதே வாயில் ஏதாவது இருக்கும்.

ராக்காயி கதவைத் திறந்துவிட்டாள். துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வேனைப் பார்த்து நிற்கிறாள். நான் இறங்க வேண்டும்.

பத்துமலை